வானொலியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் வானொலி பற்றி ஒரு வரிகூட இல்லையே! அங்கே பல தொடர்கள் முதலில் காதுக்குத்தான் வந்தன, கண்ணுக்கு அப்புறம்தான். 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' 1954இல் பிபிசி வானொலியில் தொடங்கி, 1956இல் தொலைக்காட்சிக்குப் போனது. அதற்கும் முன்பே, 1951இல் வந்த 'தி கூன் ஷோ' விசித்திரக் குரல்களையும் ஓசைகளையும் வைத்தே ஒரு கிறுக்கு உலகத்தைக் கட்டியது. அதில் பெரும்பகுதியை எழுதிய ஸ்பைக் மில்லிகன் பிறந்தது நம் அகமத்நகரில் என்பது உபரித் தகவல்.

எனக்குப் பிடித்தது 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளியினர் 1996இல் வானொலியில் ஆரம்பித்தது. 1998இல் தொலைக்காட்சிக்கும் வந்தது. இந்திய உணவகங்களில் வெள்ளைக்காரர்கள் குடித்துவிட்டுச் செய்யும் அலம்பலை அப்படியே திருப்பிப் போட்டிருப்பார்கள். இந்தியர் கூட்டம் ஒன்று ஆங்கிலேய உணவகத்துக்குள் நுழைந்து, பரிமாறுபவரின் பெயரைக் கடித்துக் குதறி, அப்புறம் கேட்கும்: "இருப்பதிலேயே சப்பென்று இருப்பது எது?"

இப்படிக்கு,
ஒரு வானொலிப் பைத்தியம்