நடுவர் அறைக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதமும் பிள்ளைகளின் படமும் வந்தன. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை. தண்டனை எனக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகள் லெகோ ரோபோ செய்து மோதும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டிக்கு நீ அணி சேர்த்திருப்பதை இன்னும் நம்ப முடியவில்லை. ஹாஸ்டலில் அறைத்தோழனின் டேப் ரெக்கார்டரைப் பிரித்துவிட்டு, மிச்சமான ஸ்க்ரூக்களை ஜன்னல் வழியாக வீசியவன் நீ! சரி, விஷயத்துக்கு வருகிறேன். “ரோபோ எப்படியோ ஓடிவிடும், நடுவர் அறைதான் பயமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறாய். நான் சில வருஷமாக அந்த அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சாம்பியன் விருதுக்குப் பார்ப்பது நான்கு விஷயம்: ஆட்ட மேசையில் ரோபோ எடுக்கும் புள்ளி, ரோபோ வடிவமைப்பு, சீசன் தலைப்பில் ஒரு பிரச்சினைக்குத் தீர்வு காணும் புதுமைத் திட்டம், கோர் வேல்யூஸ் என்கிற பண்புகள். நான்குக்கும் சம எடை. பெற்றோர்கள் சுற்றி நின்று கை தட்டும் அந்த இரண்டரை நிமிட ஆட்டத்துக்குக் கால்வாசிதான். மீதியில் பெரும்பகுதி, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பேசும் 30 நிமிடத்தில் முடிவாகிறது. ஐந்து நிமிடம் திட்டத்தைச் சொல்ல வேண்டும், ஐந்து நிமிடம் அதில் கேள்வி. ரோபோவுக்கும் அதே ஐந்தும் ஐந்தும். அப்புறம் பண்புகளைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, கடைசியில் நடுவர்கள் கருத்துச் சொல்வார்கள். நீ உள்ளே உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது. உனக்கு இதுதான் கஷ்டம்.

நம் ஊர்ப் பள்ளிகளில் இதை ஆண்டு விழா மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஆளுக்கு நான்கு வரி, மனப்பாடம், கையசைவு, முடிவில் எல்லோரும் சேர்ந்து “தேங்க் யூ”. போன முறை என் அறைக்கு வந்த ஓர் அணியில் மூன்றாவது பையனுக்கு வரி மறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அடிக்குரலில் எடுத்துக் கொடுக்கிறார்கள், அவன் விழிக்கிறான், கடிகாரம் ஓடுகிறது. அதே அணியில் ஓரமாக ஒரு பெண் பேசாமலே நின்றிருந்தாள். கேள்வி நேரத்தில் ரோபோவின் கையில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைக் காட்டி “இது எதுக்கும்மா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். கையைக் கழற்றி மேசையில் வைத்தாள். “மோட்டார்ல தூக்கினா வேகமா வந்து இடிச்சுடுது சார். ரப்பர் பேண்ட் இருந்தா மெதுவா வருது. முதல்ல ரெண்டு போட்டோம், தூக்கவே இல்ல.” மனப்பாடப் பேச்சு முழுவதிலும் கிடைக்காததை அந்த மூன்று வாக்கியத்தில் எழுதிக்கொண்டேன். என்ன பிரச்சினை, என்ன முயன்றார்கள், எது சரிவரவில்லை, ஏன் மாற்றினார்கள் என்பதுதான் எங்கள் மதிப்பீட்டுத் தாளில் இருப்பது. அதில் மேல் நிலையான ‘எக்ஸீட்ஸ்’ தர வேண்டுமானால், எப்படி மிஞ்சினார்கள் என்று நாங்கள் எழுதிக் காட்ட வேண்டும். எழுத விஷயம் கொடுப்பது பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது.

அதனால் ஒத்திகையை விட நோட்டுப் புத்தகம் முக்கியம் என்பேன். ஆட்ட மேசையில் ரோபோ செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றை, அதாவது ஒரு மிஷனை, பத்துத் தடவை ஓடவிட்டு எத்தனை தடவை சரியாக வந்தது என்று அவர்களே குறிக்கட்டும். பத்தில் ஆறு என்றால், மீதி நான்கு ஏன் போயின? ஸ்டார்ட் பண்ணும்போது ரோபோவின் மூளையான ஹப் அசைந்து, திரும்பும் கோணத்தை அளக்கும் ஜைரோ தப்பாகக் காட்டியதா? சார்ஜ் இறங்கியதா? வைக்கும்போது கோணம் மாறியதா? ஒருவன் ‘ரோபோவைச் சுவரில் முட்டி நேராக்கிக்கொண்டோம், எட்டு ஆனது’ என்று சொன்னால் போதும். ‘எங்கள் ரோபோ மிகவும் துல்லியமானது’ என்ற வரியை அடித்துவிடு.

புதுமைத் திட்டத்தில் உனக்கு அடித்தது யோகம். இந்த 2025-26 சீசன் ‘அன்எர்த்ட்’, தொல்லியல். உனக்கோ மதுரையிலிருந்து பஸ் ஏறினால் கீழடி. பானை ஓடுகளைக் கழுவி, காயவைத்து, எண் எழுதி, வகை பிரிக்கும் வேலையை எளிதாக்குவது என்று பிள்ளைகள் எடுத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டதோடு நின்றால் போதாது. ஓடு பிரிக்கும் வேலையை நிஜமாகச் செய்கிற ஒருவரோடு அவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். கருப்பு-சிவப்பு ஓட்டையும் வெறும் சிவப்பு ஓட்டையும் கேமரா பிரித்துவிடும் என்று இவர்கள் நினைப்பார்கள். மண் ஒட்டிய ஓட்டில், மங்கின வெளிச்சத்தில் என்ன ஆகும் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்காகத் தங்கள் மாதிரிக் கருவியை மாற்றினார்களா? எங்களுக்கு அதுதான் வேண்டும். அந்தக் கருவியை வெறும் அட்டையில் செய்திருந்தாலும் பரவாயில்லை. யாரோ ஒரு அப்பா ஆபீஸில் த்ரீடி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும்.

பண்புகள் பகுதிக்குத் தனியாக ஒத்திகை வேண்டாம். ‘நாங்கள் சண்டையே போடவில்லை’ என்று சொல்லும் அணியை எந்த நடுவரும் நம்புவதில்லை. உன் கடிதத்திலேயே இருக்கிறதே, சக்கரத்தின் அளவுக்காக இரண்டு பேர் ஒரு வாரம் பேசாமல் இருந்த கதை. எப்படித் தீர்ந்தது என்று அந்த இருவரே சொல்லட்டும். ஆட்ட மேசையிலும் பிள்ளைகள் கண்ணியமாக நடந்துகொள்கிறார்களா என்று ரெஃபரி கவனித்து மார்க் போடுவார். அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் ‘கிரேசியஸ் ப்ரொஃபெஷனலிசம்’ என்று சொல்லிவைத்தது அது: முழு மூச்சாக மோது, ஆனால் எதிராளியை மதி. எதிர் அணியின் ரோபோ விழுந்தால் உன் பசங்கள் சிரிக்காமல் இருக்கணும், மாப்ள.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் தமிழில் கேள்வி கேள், தமிழில் பதில் சொல்லட்டும். என்ன செய்தோம் என்பது மனதில் தெளிவான பிறகு ஆங்கிலத்துக்குப் போ. தட்டுத்தடுமாறின ஆங்கிலத்துக்கு நான் மார்க் குறைத்ததில்லை. பளபள ஆங்கிலத்தைக் கேட்டு ஏமாறுகிற நடுவர்கள் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, ஒரே பையன் எல்லாக் கேள்விக்கும் பாய்கிறான் என்றாயே, அவனைத் திட்டாதே. ‘நான் சொல்லிட்டேன், இதை அவ செஞ்சா, அவளே சொல்லட்டும்’ என்று அடுத்தவரிடம் கேள்வியைத் தள்ளிவிடுகிற வேலையை அவனிடமே கொடு.

ஒத்திகையை ஒரு தடவை முழுசாக வீடியோ எடுத்து அனுப்பு. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளைக் கூப்பிட்டு நானே கேள்வி கேட்கிறேன். நான் முன்பின் தெரியாத மாமா என்பதால் பதில் வேறு மாதிரி வரும். நீ அப்போது அறையில் இரு, ஆனால் வாயைத் திறக்காமல் இருந்து பழகு.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி