விடுதி சரி, விடுதிக்காரர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் சதர்க் பகுதியின் பழைய ஜார்ஜ் விடுதியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1676 தீ விபத்து, மறு ஆண்டே கட்டி எழுப்பியது, 1889இல் ரயில்வே கம்பெனி பெரும்பகுதியை இடித்தது, மிஞ்சியது 1937இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் அந்த விடுதி இருக்கும் தெருவில் விடுதி நடத்தியவர்களில் ஒருவர்கூடக் கட்டுரையில் எட்டிப் பார்க்கவில்லை. சுவரும் மரத் தாழ்வாரமும் மட்டுமா விடுதி?

ஜார்ஜுக்குப் பக்கத்திலேயே டபார்ட் என்றொரு விடுதி இருந்தது. அதே தீயில் அதுவும் போயிற்று. திரும்பக் கட்டியதையும் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். ஆனாலும் அதை நடத்தியவரை இன்றும் உலகத்துக்குத் தெரியும். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாஸரின் 'கேன்டர்பரி கதைகள்' தொடங்குவது அங்கேதான். யாத்திரை கிளம்பும் கூட்டத்தை வழி நெடுகக் கதை சொல்ல வைப்பவர் விடுதிக்காரர் ஹாரி பெய்லி. கற்பனைப் பாத்திரம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஹென்றி பெய்லி என்ற விடுதிக்காரர் சதர்க்கில் நிஜமாகவே இருந்திருக்கிறார். 1370களில் அந்த ஊருக்காக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். 1381ஆம் ஆண்டு வரிப் பதிவில் அவர் பெயரும் மனைவி கிறிஸ்டியனின் பெயரும் இருக்கின்றன. வரி இரண்டு ஷில்லிங்.

இன்னொன்று குயின்ஸ் ஹெட். சதர்க்கில் பிறந்து வளர்ந்த ஜான் ஹார்வர்டுக்கு அந்த விடுதி தாய்வழிச் சொத்தாக வந்தது. அவர் அமெரிக்கா போய் 1638இல் இறக்கும்போது, தன் சொத்தில் பாதியையும் புத்தகங்களையும் அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு கல்லூரிக்கு எழுதி வைத்தார். அதுதான் ஹார்வர்ட். பயணிகள் தந்த அறை வாடகையும் அந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் கொஞ்சம் இருக்கும் என்று சொன்னால் தப்பில்லை.

தேம்ஸின் தென்கரையில், லண்டன் பாலத்தின் வாசலில் அந்தத் தெரு. நகரத்துக்குள் நுழைய அப்போது வேறு பாலமே கிடையாது. இரவில் பாலத்துக் கதவைச் சாத்திவிட்டால், தாமதமாக வந்தவர்கள் எங்கே தங்குவார்கள்? விடுதிக்காரர்கள் பிழைத்தது அப்படித்தான். ஜார்ஜின் கதையில் இந்தப் பாலம் வராமல் போனது எனக்குக் குறையாகவே பட்டது.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையாளர் இந்த இடங்களைச் 'சத்திரம்' என்றே எழுதிப் போகிறார். சத்திரத்தில் வழிப்போக்கரிடம் காசு வாங்குவது ஏது? இங்கே நடந்ததோ வியாபாரம். நல்ல கதை சொன்னவருக்குப் பெய்லி அறிவித்த பரிசு ஒரு வேளை விருந்து. செலவு மற்ற யாத்திரிகர்கள் தலையில். விருந்து நடக்கும் இடம், திரும்பி வரும்போது அவருடைய விடுதியிலேயே!

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்