டாட்டியை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் இருந்து ரத்தத்தை உண்டாக்கும் கூழ்) மாற்று சிகிச்சையின் முன்னோடி, அமெரிக்க மருத்துவர் டொன்னல் தாமஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1990ல் சிறுநீரக மாற்று மருத்துவர் ஜோசப் மர்ரேயுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பதெல்லாம் சரி. ஆனால் 31 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவள் நான். எனக்கு ஒரு மனக்குறை. கட்டுரையில் டாட்டியைக் காணோம்.

டாட்டி என்கிற டோரதி, தாமஸின் மனைவி. டெக்சாஸில் அத்தி பூத்தாற்போல் பனி பெய்த ஒரு நாள், இந்த அம்மாள் எறிந்த பனி உருண்டை தாமஸின் முகத்தில் விழுந்தது. பழக்கம் அப்படித்தான் ஆரம்பம், 1942ல் கல்யாணம். அவர் முதலில் படித்தது இதழியல், அதாவது உங்கள் தொழில். தாமஸ் ஹார்வர்டில் மருத்துவம் படிக்கப் போனதும் அதை விட்டுவிட்டு லேப் டெக்னீஷியன் பயிற்சிக்குப் போனார். அப்புறம் கணவரோடு ஆய்வகத்திலேயே வேலை. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்ததும் டாட்டிதான். படித்த இதழியல் வீண் போகவில்லை. பிறகு சியாட்டில் நகரில் தாமஸின் ஆய்வுக் குழுவின் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையின் தாய் என்றே அவரைச் சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களின் பெயர் ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு கையெழுத்தாக வரும், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு இது உறைக்கிறது.

அடுத்து, 1957ல் தாமஸ் வெற்றி கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த வருடம் அவர் வெளியிட்ட கட்டுரை 6 நோயாளிகளைப் பற்றியது. கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து, பிறருடைய மஜ்ஜையை ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஆறு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிறகு வேறு நோயாளிகளுக்கு ஒரே உருவ இரட்டையரிடம் எடுத்த மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ஆனால் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது. இது ஆகாத காரியம் என்று பலரும் விலகிப்போனார்கள். தாமஸ் நாய்களை வைத்துப் பல வருடம் ஆராய்ச்சி செய்தார். ஒரே ஈற்றுக் குட்டிகளில் திசு பொருந்துகிறவற்றைத் தேர்ந்தெடுத்து, மஜ்ஜை ஏற்றிய பிறகு நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தும் கொடுத்தால் நாய் பிழைக்கிறது என்பது பிடிபட்டது. 1963ல் சியாட்டிலுக்குப் போனார். 1969ல்தான் பொருந்திய உடன்பிறந்தாரின் மஜ்ஜையை வைத்து ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு மறுபடி செய்யத் துணிந்தார்.

1977ல், வேறு எந்த சிகிச்சையும் பலிக்காத 100 பேருக்குச் செய்து 13 பேர் உயிரோடு இருப்பதாக எழுதினார். பதின்மூன்றுதானா என்று தோன்றும். அந்த நூறு பேருக்கும் வேறு வழி இருக்கவில்லையே. முதல் கட்டுரையின்போது அவருக்கு வயது 37, இதை எழுதும்போது 57. இந்த இருபது வருடத்தை உங்கள் கட்டுரை "தொடர்ந்து" என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறது.

கடைசியாக, முதுகுத்தண்டிலிருந்து மஜ்ஜை எடுப்பார்கள் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்தம் போடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986லேயே இந்த சிகிச்சை தொடங்கிவிட்டது. என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது 2003ல். உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் பொருந்துகிற வாய்ப்பு நாலில் ஒன்றுதான். எனக்கும் அண்ணனுக்கும் பொருந்தவில்லை, தங்கைக்குப் பொருந்தியது. அவளுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். "முதுகுத்தண்டிலே ஊசி போட்டா நாளைக்கு எப்படிம்மா பிள்ளை பெறுவா?" என்று அவள் மாமியார் கேட்டார். நல்ல மனுஷி, பயம்தான். நான் அவர் கையைப் பிடித்து என் இடுப்பு எலும்பின் பின்பக்கம் வைத்து, "இங்கேதான் அத்தை, முதுகுத்தண்டை யாரும் தொடமாட்டார்கள், எடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும்" என்றேன். சம்மதம் வாங்க ஒன்பது நாள் ஆனது. இப்போது பெரும்பாலும் அதுகூட இல்லை. சில நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து மெஷின் மூலமாகவே ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து எடுத்துவிடுகிறார்கள்.

தங்கைக்கு இரண்டு பிள்ளைகள். தம்பி பிறந்தது ஓ பாசிட்டிவாக. தங்கையின் மஜ்ஜை பிடித்துக்கொண்ட பிறகு அவள் வகையான பி பாசிட்டிவ் ஆகிவிட்டான். புத்தகத்தில் படித்திருந்தும் நம்ப முடியாமல், அவன் ரத்தத்தை நானே இரண்டு முறை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்,
குடியாத்தம்.