பர்மா பஜார் கடைக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம்

பாங்காக்,
20.4.2025.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். பெரியம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படியிருக்கிறது என்று அறிய ஆவல். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பர்மா நிலநடுக்கத்தில் அடிபட்டவர்களுக்குப் பணம் கொடுத்து உதவக் கேட்கும் இந்த விண்ணப்பத்தை நீங்கள் சென்னைப் பர்மா பஜாரில், பர்மாவிலிருந்து வந்த உங்கள் வயதொத்தவர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விரும்புவதால் எழுத்தில் அனுப்புகிறேன்.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பாக எங்கள் அலுவலகக் கட்டடம் ஆடியது. நிலநடுக்கம் தோன்றிய பர்மாவின் மாண்டலே நகரம் இங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆயினும் பாங்காக் நகரம் நிற்பது ஆழமான களிமண் படிவத்தின் மேல் என்பதால், தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் இங்கே பெருகிவிடுகின்றன என்கிறார்கள். உயரமான கட்டடங்களின் மாடியில் இருந்த நீச்சல் குளங்களின் தண்ணீர் தெருவில் கொட்டியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மேம்பால ரயில்கள் நின்றுபோனதால் நாங்கள் நடந்தே வீடு சேர்ந்தோம். சதுசாக் பகுதியில், அரசுத் தணிக்கை அலுவலகத்துக்காக எழும்பிக்கொண்டிருந்த முப்பது மாடிக் கட்டடம் அப்படியே அமர்ந்துவிட்டது. அதற்குள் சிக்கியவர்களில் பலர் பர்மாவிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள்.

இந்த ஊரைப் பற்றி நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். சீலோம் மாரியம்மன் கோயிலில் நம்மைவிடத் தாய்லாந்துக்காரர்களே அதிகமாக மாலையும் தட்டுமாக நிற்பார்கள். நமக்குச் சித்திரை பிறக்கும் நாளில் இவர்களுக்கும் புத்தாண்டு. மற்றபடி கட்டடம், மீன்பிடி, வீட்டு வேலை என்று இந்த நாட்டின் உடல் வருந்தும் பணிகளில் பெரும்பகுதி பர்மாக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் தேநீர் தரும் அம்மாவும் சகைங் ஊர்க்காரர். கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பு பூசாமல் ஒரு நாளும் வரமாட்டார். நிலநடுக்கத்துக்குப் பின் அவர் தமது தங்கை வீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். சுவர்கள் சரிந்து, கூரைத் தகரம் முழுவதுமாகத் தரையில் படிந்திருந்தது; அதன் மேல் யாரோ சோற்றுப் பானையையும் இரண்டு தட்டுகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தங்கை குடும்பம் இன்னும் சாலையோரத்தில், தார்ப்பாயின் கீழ்தான் படுக்கிறது. ஏப்ரல் மாத வெயில் அங்கே நாற்பது டிகிரியைத் தொடும். அடுத்த மாதம் மழை தொடங்கிவிடும் என்பதே அவருடைய இப்போதைய கவலை.

நடந்தது இதுதான். பர்மாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் சகைங் என்னும் நிலப்பிளவு, 7.7 அளவில், பூமிக்குள் பத்தே கிலோமீட்டர் ஆழத்தில் நழுவியது. பன்னிரண்டு நிமிடத்துக்குள் இன்னொரு பெரிய அதிர்ச்சியும் வந்தது. மாண்டலே, சகைங், தலைநகர் நேபிடோ மூன்றும் அந்தப் பிளவை ஒட்டியே இருக்கின்றன. ஐராவதியின் மேல் 1934இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. ரமலானின் கடைசி வெள்ளிக்கிழமை என்பதால் பள்ளிவாசல்களில் தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் பலர் இறந்தார்கள். பௌத்த மடாலயங்களும் தப்பவில்லை. 3,700 பேருக்கும் மேல் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். நம் அரசு மறுநாளே விமானத்தில் பொருள் அனுப்பியதும், மாண்டலேயில் நம் இராணுவம் மருத்துவமனை அமைத்ததும் இங்குள்ள பர்மாக்காரர்கள் என்னிடம் நன்றியோடு சொன்ன செய்திகள்.

"அங்கே நம் ஆட்கள் எத்தனை பேர்?" என்று பஜாரில் ஒருவராவது கேட்பார். தமிழர்கள் பெரும்பாலும் ரங்கூன், பெகு, மோல்மேன் என்று கீழ்ப்பர்மாவில்தான் இருக்கிறார்கள், அடிபட்டது நடுப்பர்மா. ஆகவே நம்மவரைத் தேடிக் கொடுக்கும் உதவியாக இது இருக்க முடியாது. இராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில் கடைகளை இழந்து கப்பலேறி வந்தவர்கள் சிலருக்கு அந்த நாட்டின் மேல் இன்னும் மனத்தாங்கல் உண்டு என்பதையும் நான் அறிவேன். ஆனால் உங்கள் கடையைப் பறித்தது அரசாங்கம். புறப்படும் நாளன்று சோறு கட்டிக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி என்று நீங்களேதான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டாம் கடற்கரைச் சாலையில் அத்தோ, மொய்ங்கா என்று பர்மிய நூடுல்ஸ் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கொடுக்கும் முறையைப் பற்றி, கணக்கு வேலை பார்ப்பவன் என்ற உரிமையில் சற்று விரிவாகச் சொல்கிறேன். துணிமணி சேர்க்க வேண்டாம். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. பணமாகக் கொடுத்தால் தார்ப்பாய், கொசுவலை, குடிநீர், மருந்து என்று தேவையானதை அருகிலேயே வாங்கிக்கொள்வார்கள். செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு பத்துக் கோடி சுவிஸ் பிராங்க் கேட்டு வேண்டுகோள் விடுத்திருக்கிறது. 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர் நடப்பதால் உதவி எல்லா ஊர்களுக்கும் ஒரே சீராகப் போகவில்லை. உள்ளூர்த் தொண்டர்களை வைத்திருக்கும் செஞ்சிலுவையே என் கணிப்பில் ஓரளவு நம்பத்தக்கது.

எல்லாரிடமும் வாங்கி ஒருவர் பெயரில் அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள். வங்கியில் வீண் கேள்விகள் வரும். ஒவ்வொருவரும் தத்தம் அட்டை வழியாக அந்தக் கூட்டமைப்புக்கு நேரே செலுத்துவதே எளிது. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பேரப்பிள்ளைகள் பார்த்துத் தருவார்கள். பெருந்தொகை தர விரும்புபவர் பான் எண்ணோடு வங்கிக்குச் சென்று வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ-2 படிவம் எழுதி நன்கொடையாக அனுப்பலாம். வெளிநாட்டு அமைப்புக்குத் தருவதற்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு மனக்கசப்பு வேண்டாம். இங்குள்ள பர்மாக்காரர்கள் வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் ஊருக்குப் பணம் அனுப்பும் உண்டியல் வழியை யாரேனும் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். நம் சட்டப்படி அதற்கு அனுமதி இல்லை. வாட்ஸப்பில் வரும் தனிநபர் கணக்கு எண்களுக்கும் அனுப்ப வேண்டாம்.

தேநீர் தரும் அம்மாவின் தங்கைக்கு நானும் அலுவலக நண்பர்களும் தனியே கொடுத்துவிட்டோம். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்கள் ஒரு குறிப்பேட்டில் பெயரையும் ரசீது எண்ணையும் மட்டும் எழுதி வைத்து, மே மாதம் பத்தாம் தேதி வாக்கில் எனக்குத் தெரிவித்தால் போதும். தொகையை எழுத வேண்டாம். நூறு ரூபாய் கொடுப்பவர் அதைப் பார்த்துக் கூசக்கூடாது.

தங்கள் அன்புள்ள,
தம்பி மகன்.