1976 இன் சனிக்கிழமைகள்: ரொறன்ரோவில் இருக்கும் நண்பனுக்கு

லண்டன்,
பங்குனி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது தடி இல்லாமல் நடக்கிறாய் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். பனி கரையும் வரைக்கும் வெளியில் தனியாகப் போகாதே. இங்கே நாங்கள் சுகம். மூத்தவளின் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். எழுபதுகளில் இங்கே வந்த ஆக்கள் ஓய்வு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "அம்மப்பா, சனிக்கிழமைகளில் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாள். ரீவி பார்த்தோம் என்றேன். "அவ்வளவுதானோ?" என்றாள். இந்தக் கடிதம் நீளப்போவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

பிபிசி தன் பழைய றேடியோ ரைம்ஸ் நிகழ்ச்சிப் பட்டியல்களை 1923 இலிருந்து எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. நானும் அவளும் இருந்து 1976 இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளைத் தேடி எடுத்தோம். பார்க்கப் பார்க்க, லண்டன் ரூட்டிங்கில் நாங்கள் அறை எடுத்து இருந்த வீட்டின் முன்னறை அப்படியே வந்துவிட்டது: வாடகைக்கு எடுத்த பெட்டி, அதன் பின்னால் பூட்டிய காசுப்பெட்டி, 50 பென்ஸ் குற்றி தீர்ந்தால் கோல் போடும் நேரத்திலும் இருண்டு போகும் திரை.

நாங்கள் ரீவியே இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவளுக்கு நம்ப முடியாத செய்தி. இலங்கையில் ரீவி வந்தது 1979 இல்தானே. பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலில் இடம் கிடைக்காமல் கணக்கியல் படிக்க வந்த இரண்டு பெடியன்களுக்கு அந்தப் பெட்டி எப்படி இருந்திருக்கும்! மூன்றே அலைவரிசைகள். பிபிசி நிகழ்ச்சிகளுக்கு றேடியோ ரைம்ஸ், தனியார் அலைவரிசையான ஐரிவிக்கு ரிவி ரைம்ஸ் என்று இரண்டு சஞ்சிகை வாங்க வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு உரிமக் கட்டணம் 8 பவுண், கலருக்கு 18. பதிவு செய்து வைக்க வசதி இல்லை; தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

காலையில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. நோயல் எட்மண்ட்ஸின் 'சுவாப் ஷொப்' அந்த ஒக்ரோபர் 2 ஆம் திகதிதான் தொடங்கியது. நாங்கள் உடுப்புத் தோய்க்கிற கடைக்குப் போய்விடுவோம், அதனால் அது எனக்கு அதிகம் நினைவில்லை. எங்கள் சனிக்கிழமை தொடங்குவது பின்னேரம் நாலு மணிக்கு, வீட்டுக்கார மனுசி ஐரிவிக்குத் திருப்பும்போது.

மல்யுத்தம்! டிக்கி டேவிஸ் நடத்திய 'வேர்ல்ட் ஒஃப் ஸ்போர்ட்' விளையாட்டு நிகழ்ச்சியின் மையமே அதுதான். வர்ணனையாளர் கென்ற் வோல்டனின் அமைதியான குரல், மிக் மக்மானஸின் கள்ள அடிகள், முகமூடி போட்ட கெண்டோ நாகசாகி. மற்ற நாட்களில் எங்களுடன் நாலு வார்த்தைக்கு மேல் கதைக்காத மனுசி கதிரை நுனியில் இருந்து மக்மானஸை ஏசுவா. நீயும் சேர்ந்து ஏசுவாய். இந்த நாட்டில் எங்களுக்கு முதலில் கிடைத்த உறவு அந்த ஏச்சில்தான் தொடங்கியது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அது முடிய உதைபந்தாட்ட முடிவுகள். லீக் ஆட்டங்களை அந்தக் காலத்தில் நேரடியாகக் காட்டுவதில்லை என்பதை நான் பேத்திக்கு இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. நாடு முழுக்க மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும். நாங்கள் பிபிசியின் விளையாட்டு நிகழ்ச்சியான 'கிராண்ட்ஸ்டாண்ட்'டில் தட்டச்சு ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம். எழுத்து எழுத்தாக ஊர்ப்பெயர் வரும். ஏழு கோலோ அதற்கு மேலோ என்றால் அது பிழையில்லை என்று காட்ட எண்ணைச் சொல்லிலும் அடிப்பார்கள். பிறகு லென் மார்ட்டின் வாசிப்பார். முதல் அணியின் கோலைச் சொல்லி இரண்டாம் அணியின் பெயரை எடுக்கும்போதே, வென்றதா, தோற்றதா, சமநிலையா என்று அவரின் குரலின் ஏற்ற இறக்கத்தில் விளங்கிவிடும். மனுசி பூல்ஸ் எனும் உதைபந்தாட்டப் பந்தயத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் இருப்பா. கோல் போட்டுச் சமநிலையில் முடியும் எட்டு ஆட்டங்களைச் சரியாகப் பிடித்தால் பெரும்பணம். அந்த ஐந்து நிமிடம் கேத்தில் கொதித்தாலும் ஒருவரும் எழும்பக் கூடாது.

அந்த வாசிப்பில்தான் நான் பிரித்தானியாவின் வரைபடத்தைப் படித்தேன். ஹார்ட்லிபூல், றொச்டேல், ஃபோர்ஃபார், கிளைட், ஈஸ்ற் ஃபைஃப், ஸ்டென்ஹவுஸ்மியூர். பிற்காலத்தில் கணக்காய்வு வேலையாக வடக்கே போனபோது, ரயில் நிலையப் பலகைகளில் அந்தப் பெயர்களில் சிலதைக் கண்டதும் முன்பே பழகிய ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. ஊரில் புவியியல் வாத்தியார் இவ்வளவு படிப்பித்ததில்லை.

பிறகு டொக்டர் ஹூ, காலத்தில் பயணிக்கும் ஒரு டொக்டரின் கதைத்தொடர். டொக்டராக நீளச் சால்வையோடு ரொம் பேக்கர். நவம்பர் 13 ஆம் திகதிக் கதை, டொக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியபடியே முடிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரீவியில் வன்முறையும் ஆபாசமும் கூடாது என்று போராடிய மேரி வைட்ஹவுஸ் அம்மையார் பிபிசிக்கு முறைப்பாடு எழுதி, அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு புரூஸ் ஃபோர்சைத்தின் 'ஜெனரேஷன் கேம்'. தாயும் மகனும், தகப்பனும் மகளும் சோடியாக வந்து விளையாடுவார்கள். கடைசியில் ஓடும் பட்டியில் பொருட்கள் வரிசையாகப் போகும். நினைவு வைத்துச் சொன்னதெல்லாம் சொந்தம். அந்த நேரம் நீ சத்தமில்லாமல் இருப்பாய். உன் அம்மாவின் கடிதம் வரப் பிந்தினால் இன்னும் சத்தமில்லாமல் இருப்பாய். நான் கேட்டதில்லை, ஆனால் கவனித்திருக்கிறேன்.

செப்ரெம்பர் 18 ஆம் திகதிப் பட்டியலில், றொனி பார்க்கரும் றொனி கோபெற்றும் நடித்த நகைச்சுவை நிகழ்ச்சி 'ரூ றொனீஸ்' இருந்தது. பார்க்கர் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு வந்து, கடைக்காரரான கோபெற்றை ஓட ஓட வேலை வாங்கும் அந்தப் பகிடி அன்றுதான் முதலில் வந்ததாம். எழுதியவரும் பார்க்கரே. இரவில் உதைபந்தாட்டக் காட்சிகளுக்கு 'மட்ச் ஒஃப் த டே', பிறகு பார்கின்சனின் பேட்டி நிகழ்ச்சி, கடைசியில் தேசிய கீதம், பெட்டி ஓய்ந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 'பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரெல் ஷோ'வையும் பேத்திக்குக் காட்டினேன். வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாடி ஆடிய நிகழ்ச்சி, பிபிசியின் பெரிய சனிக்கிழமை விருந்து. 1958 இல் தொடங்கியது. 1961 இல் சுவிற்சர்லாந்தின் மொன்றூவில் தங்க ரோஜா ரீவி விருது எடுத்தது. 1967 இல் இனபேதத்துக்கு எதிரான இயக்கத்தினர் அதை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் 1978 வரை ஓடியது. அவள் நம்பாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

ஒரு நாள் அது தொடங்கியதும் நீ எழும்பி அறைக்குப் போனாய். "அது வெறும் பாட்டுத்தானே" என்றா மனுசி. நீ திரும்பி வந்து, உன்னுடைய அந்தக் காலத்து இங்கிலீசில், வேலைத்தளத்தில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவவுக்கு நிதானமாகச் சொன்னாய். அவ ஏற்றுக்கொள்ளவில்லை; இருவரும் நல்ல நேரம் வாதாடினீர்கள். ஆனால் சில கிழமைக்குப் பிறகு அதே நிகழ்ச்சி வந்தபோது தானே எழும்பி மற்ற அலைவரிசைக்குத் திருப்பினா. அதைப் பற்றிப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். 1963 நவம்பர் 23, கென்னடியைச் சுட்ட மறுநாள், ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு ஒளிபரப்பான டொக்டர் ஹூவின் முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹூசைன். தயாரித்தவர் வெரிட்டி லம்பேர்ட் என்ற இளம்பெண். கென்னடி செய்தியில் பலர் பார்க்கவில்லை என்று அடுத்த கிழமை இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியை மீண்டும் போட்டார்கள். சாயம் பூசிய முகங்களைக் காட்டிய அதே பிபிசியில், எங்களைப் போன்ற முகமுள்ள ஒருவர் அந்த வெள்ளைக்கார நாட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் சோபாவுக்குப் பின்னால் ஒளிய வைத்திருக்கிறார். அன்றைக்கு இது எங்களுக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு தலைநிமிர்ந்து பார்த்திருப்போம்!

அந்த நாட்களின் ஒளிநாடாக்களில் பலதைப் பிபிசியே அழித்துவிட்டது. அறுபதுகளின் டொக்டர் ஹூ பகுதிகள் பல இன்னும் கிடைக்கவில்லை. 2013 இல் வெளிவந்த ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் அகப்பட்டவை. ரூட்டிங் முன்னறையில் நடந்ததையோ எவரும் பதியவேயில்லை. அதனால் மச்சான், அன்று நீ மனுசிக்குச் சொன்னதைப் பேத்தி உன் வாயாலேயே கேட்க வேண்டும். என் வாயில் வந்தால் அது உன் கோபமாக இருக்காது. வருகிற ஞாயிறு, உங்கள் நேரம் காலை பத்து மணிக்கு அவள் அழைப்பாள். கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள். மனுசி பூல்ஸில் வென்ற கதையையும் மறக்காமல் சொல்லு.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்