பானையின் வயதும் அது கிடந்த இடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கீழடி பேசப்படத் தொடங்கிய பிறகு, பழைய சாமான் கடைகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் ‘சங்க காலப் பானை’ என்று கறுப்பு-சிவப்பு மண்கலங்கள் விலைக்கு வருகின்றன. வாங்க நினைப்பவர்களுக்கும், கடைக்கால் தோண்டும்போது கிடைத்ததை விற்க நினைப்பவர்களுக்கும் சில விவரங்கள்.

தண்ணீர்ச் சொட்டை உறிஞ்சுகிறது, நனைத்தால் மண்வாசனை வருகிறது, நாக்கில் ஒட்டுகிறது என்று கடைக்காரர் காட்டும் சோதனைகளை நம்ப வேண்டாம். குறைந்த சூட்டில் வெந்த எந்த மண்கலமும், போன பொங்கலுக்கு வாங்கிய பானை உட்பட, இதையெல்லாம் செய்யும். தட்டிப் பார்த்தால் விரிசல் தெரியும், வயது தெரியாது.

பார்க்க வேண்டியது உடைந்த விளிம்பை. இவ்வகைக் கலங்களைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்பதே பொதுவான விளக்கம். காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. மற்ற வெளிப்புறம் சிவந்தது. ஆகவே கறுப்பு நிறம், ஓட்டின் கனத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். வெளியே இரு நிறமும் சேரும் இடம் ஏறி இறங்கிக் கலங்கலாக இருக்கும். எல்லை நேர்க்கோடாக நின்று, சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்பு வெறும் தோலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சாயம்தான். அடிப்பக்கம் ஓரிடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்தால், பெயின்ட்டோ வார்னிஷோ பஞ்சில் ஏறிவிடும்.

ஒட்டியிருக்கும் மண்ணையும் கவனியுங்கள். பசையில் குழைத்துப் பூசிய மண் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். வெதுவெதுப்பான நீர் பட்டால் வெள்ளைப் பசை பாலாகக் கசியும். புதைந்து கிடந்த கலத்தில் படிவு ஒரு பக்கம் கூடியும் ஒரு பக்கம் குறைந்தும் துளைகளுக்குள் இறுகியிருக்கும்.

பெரிய மோசடி, உண்மையான பழைய ஓட்டில் புதிதாகக் குறியீடோ தமிழி (பழந்தமிழ்) எழுத்தோ கீறி விலையை ஏற்றுவது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். பழைய கீறலின் ஓரம் மழுங்கி, சுற்றியுள்ள அதே படிவு பள்ளத்திலும் நிறைந்திருக்கும். புதுக் கீறல் படிவையே வெட்டிக்கொண்டு போகும். உள்ளே பளிச்சென்று இருக்கும்.

ஒளிர்வுக் காலக்கணிப்புச் சான்றிதழைக் காட்டினால்? அது கலம் கடைசியாக நன்கு சூடேறிய காலத்தைத்தான் கணிக்கிறது. பழைய அடிப்பாகத்தின் மேல் புது உடலை ஒட்டி, அடியில் மட்டும் மாதிரி எடுக்கக் கொடுப்பதும் உண்டு. எங்கே துளையிட்டார்கள் என்ற படம் இல்லாத சான்றிதழுக்கு மதிப்பில்லை.

உண்மையிலேயே பழையதாக இருந்தால், தயவுசெய்து கழுவாதீர்கள். பித்தளை அண்டாவைப் போலப் புளி போட்டுத் தேய்த்தால் புளிப்பு சுண்ணாம்புப் படிவைத் தின்னும், கலத்தின் மண் கலவையில் சுண்ணாம்பு இருந்தால் ஓட்டையும் அரிக்கும். வெயிலில் காய வைத்தால் உள்ளிருக்கும் உப்பு மேலே வந்து பொரிந்து மேல்தோலை உரிக்கும். நிழலில் மெல்ல உலரட்டும். உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவே கூடாது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளை அகழாய்வில் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது தாழிக்குள் இருந்த நெல்லிலிருந்து. கீழடியின் கி.மு. 580, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியிலிருந்து. இடமும் ஆழமும் தெரியாத பானை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அலமாரிப் பொருள்தான்.

விலைக்கு வருவோம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆக, ‘ஆயிரம் ஆண்டுப் பானை’ என்று விற்பவரின் பேச்சு பொய்யென்றால் நீங்கள் ஏமாறுகிறீர்கள். மெய்யென்றால் உரிமத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. மெருகிட்ட ஊறுகாய் ஜாடிகள் வேறு கதை. அடியில் ‘மேட் இன்’ முத்திரை இருந்தால் பெரும்பாலும் அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. விரிசலும் மூடியும் பார்த்து விலை பேசலாம்.

நாளிதழ்களும் ஒன்று செய்யலாம்: பழங்காலக் கலங்கள் விற்பனைக்கு என்று வரி விளம்பரம் வந்தால், உரிம எண்ணைக் கேட்டு அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை