ஆர்கன் திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சுங்கை சிப்புட் சபையாருக்கு,

ஆலயத்தின் சிறிய குழல் ஆர்கன் வேலை முடிந்தது. மொத்தம் 37 குழல். மலிவான மாற்றுப் பொருள் எங்கே போதும், எங்கே கூடாது என்பது பின்னால் பழுது பார்ப்போருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குழலுக்கு ஈயமும் வெள்ளீயமும் தேவைப்படவில்லை; ஹார்ட்வேர் கடை பிவிசி குழாயே போதும். உச்சியை அடைத்த குழல், திறந்த குழலின் பாதி நீளத்திலேயே அதே சுரத்தைத் தரும். கட்டை வரிசையின் நடுவிலுள்ள 'ஸி' (C) சுரத்துக்கு ஏறக்குறைய 30 செ.மீ. குழலின் அடியில் ஒலி பிறக்கும் பிளவான வாயின் உயரத்தை அதன் அகலத்தில் கால் பங்காக வெட்டி, அரத்தால் சிறுகச் சிறுக உயர்த்தினோம். உயரம் போதாவிட்டால் சுரம் மேலே தாவும். கூடிவிட்டால் காற்றிரைச்சல்தான் மிஞ்சும், அந்தக் குழாய் வீண். அடைப்பான் ரப்பர் மரம், சுற்றிலும் ஃபெல்ட். போரான் எனும் பூச்சித் தடுப்பு மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தாத ரப்பர் மரத்தை வண்டு துளைத்துவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

விரலால் அழுத்தும் கட்டைகளையும் குழலுக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வுகளையும் இணைப்பவை சைக்கிள் ஆரக்கம்பிகள். முனையில் மரையும் நிப்பிள் எனும் சிறு திருகும் இருப்பதால், கட்டை தொங்கினால் சற்றுத் திருகினால் போதும். எங்கள் தேர்வுகளில் இதுவே சிறந்தது.

குழல்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் காற்றுப் பெட்டியில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. முழுவதும் ஈரம் தாங்கும் மெரின் பிளைவுட். இந்த ஊர் ஈரத்தில் சாதாரணப் பலகை உப்பிச் சுருங்கும். காற்று பெட்டிக்குள்ளேயே பக்கத்து அறைக்குக் கசிந்து, தொடாத குழல் முனகும். காற்று தரும் ஊதியை ஓடவிட்டு, கொசுவர்த்திப் புகையை மூட்டுகளின் ஓரம் காட்டினால் கசிவுள்ள இடத்தில் புகை சிதறும்.

ரப்பர் தோட்டத்து ஊரில் காற்றைச் சீரான அழுத்தத்தில் வைக்கும் துருத்திக்கு ஏன் ரப்பர் துணி இல்லை என்று சிலர் கேட்டீர்கள். இயற்கை ரப்பர் மடிப்புகளில் ஓசோன் பட்டு வெடிக்கும். அதனால் நியோப்ரின் எனும் செயற்கை ரப்பர் பூசிய துணி. நான்கு மூலைக்கும் ஆட்டுத்தோல். துருத்தியின் மேல்பலகை 60 × 90 செ.மீ.; 65 மி.மீ. உயர நீரைத் தாங்கும் காற்றழுத்தத்துக்குப் பலகையோடு சேர்த்து 35 கிலோ வேண்டும். மணல் பைகளை நிறுத்து வைத்து, யூ வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயில் நீர் ஊற்றிச் சரிபார்த்தோம். அந்தப் பைகளை யாரும் நகர்த்த வேண்டாம்.

ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் சுருதி சுமார் 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஏறும். எல்லாக் குழலும் ஒன்றாகவே ஏறுவதால், சுருதி சேர்க்கும் அடைப்பான்களைத் தொடாதீர்கள். ஆர்கனோடு சேர்த்து வாசிக்கும் மின் கீபோர்டின் சுருதியை ஆர்கனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் உள்ளது.

திருப்பணிக் குழு